வெள்ளிக் கெண்டையின் ஒற்றுத்தாள்

மீனுக்கு உப்புப் போட நடுங்காத கை வேண்டியதில்லை. நடுங்கினால் இன்னும் விசேஷம், உப்பு நாலா பக்கமும் தானாகப் பரவும் என்று படகுத்துறை மேஸ்திரி தினமும் ஒருமுறை சொல்லிச் சிரிப்பான். லாம்பெர்ட்டும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பார். சிரிக்காவிட்டால் மறுநாள் வேலை கிடைக்காது. ஆண்ட்வெர்ப் நகரத்து அச்சுக்காரர் தெருவில் இருபத்தாறு வருஷம் ஈய எழுத்துகளை வரி வரியாகக் கோத்த மனுஷர், இப்போது ஹெர்ரிங் மீனின் வயிற்றில் உப்பை அடைத்துக்கொண்டிருந்தார்.

கோத்த காலத்தில் ஏனோதானோ என்று கோத்தவர் இல்லை. வெள்ளிக் கெண்டை அச்சுக்கூடத்திலிருந்து ஒரு பக்கம் வெளியே போனால், அதை லாம்பெர்ட் கோத்தாரா வேறொருவன் கோத்தானா என்று தெருவில் இருக்கிற எவனும் சொல்லிவிடுவான். வரிக்கு வரி இடைவெளி அவ்வளவு சீராக இருக்கும். பத்தி முடிகிற இடத்தில் சின்ன இலை ஒன்று வைப்பது எல்லோருக்கும் வழக்கம். மற்றவர்கள் இலையைப் படுக்கவைப்பார்கள். அவர் மட்டும் காம்பு கீழே பார்க்க, நட்டுவைத்த மாதிரி நிற்கவைப்பார். ஏன் என்று கேட்டால், "இலை செத்தாத்தான்டா படுக்கும்" என்பார். அந்த வாய்க்கொழுப்புக்காகவே அவரைப் பிடிக்காதவர்கள் நிறையப் பேர்.

கை எப்போது நடுங்க ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. முதலில் பியர் குவளை தளும்பியது. பிறகு வரித்தட்டில் எழுத்துகள் கிலுகிலுத்தன. வரித்தட்டு என்பது கோக்கிறவர் இடக்கையில் பிடித்துக்கொள்ளும் சின்ன மரத்தட்டு. பெட்டியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக எடுத்து அதில்தான் நிறுத்த வேண்டும். முதலாளி ஹுப்ரெக்ட் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார். போன வருஷம் பர்த்தலமேயு திருநாளுக்கு மறுநாள், பிராங்பர்ட் சந்தைக்குப் போக வேண்டிய புத்தகத்தின் முழுப் பக்கம் ஒன்றை லாம்பெர்ட் கோத்து முடித்துத் தூக்கினார். இரண்டாயிரம் எழுத்து. அத்தனையும் தரையில் கொட்டியது.

தரையில் எழுத்து கிடக்கக் கூடாது என்பது அந்தத் தெருவின் சட்டம். ஈயம் மெத்தென்றிருக்கும், ஒரு செருப்புப் பட்டாலே முகம் நசுங்கிவிடும். யார் கைக்கு எட்டுகிறதோ அவர் மறு மூச்சு விடுவதற்குள் குனிந்து எடுத்தாக வேண்டும். ஆனால் முழுப் பக்கத்தைக் கொட்டியவனுக்குக் கதை வேறு. அவனே முட்டிபோட்டுப் பொறுக்க வேண்டும், மற்றவர்கள் பெட்டிகளைத் தட்டித் தாளம் போடுவார்கள். லாம்பெர்ட்டே எத்தனையோ பேருக்குத் தாளம் போட்டிருக்கிறார், அதிலும் உற்சாகமாக. அன்றைக்கு அவர் முட்டி போட்டார். அதோடு விட்டிருக்கலாம். அச்சு இழுக்கிற கோர்னெல் எங்கிருந்தோ வேட்டைப் பருந்தின் காலில் கட்டுகிற சின்ன மணிகள் இரண்டைக் கொண்டுவந்து அவர் மணிக்கட்டுகளில் கட்டிவிட்டான்.

"கெழவன் எப்ப நடுங்குறான்னு நமக்குக் கேக்கணும்ல, மொதலாளி?" என்றான்.

ஹுப்ரெக்ட் வயிறு குலுங்கச் சிரித்தார். அன்று சாயங்காலம் வரை மணியோடு வேலை செய்ய வேண்டும் என்று தீர்ப்பும் சொன்னார். சாயங்காலம் மணிகளை அவிழ்க்கும்போதே, "நாளைலேர்ந்து வராதே லாம்பெர்ட்" என்றும் சொன்னார். அந்த நாள் முழுக்க மணி ஒலித்த சத்தம் லாம்பெர்ட்டின் காதிலிருந்து போகவே இல்லை.

அதைவிடப் பெரிய காயம் ஒன்று இருந்தது. அவருடைய ஒரே மகள் டிக்னா அதே கூடத்தில் மேல்மாடியில் ஈரத்தாள் காயப்போடுகிற வேலை பார்த்தாள். அப்பனைத் துரத்திய இடத்தில் மகள் ஒரு நாழிகைகூட நிற்க மாட்டாள் என்று அவர் நினைத்தார். அவள் நின்றாள். "ரெண்டு பேரும் வீட்ல உக்காந்தா எதைத் திங்கிறதுப்பா?" என்று கேட்டாள். அன்றோடு அவர் அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அவள் அங்கேயே மற்ற பெண்களோடு மேல்மாடியில் தங்கிக்கொண்டாள். சனிக்கிழமை தோறும் அவர் ஜன்னல் விளிம்பில் ஒரு கம்பு ரொட்டியை வைத்துவிட்டுப் போவாள். பேசமாட்டேன் என்கிற ரோஷம் ரொட்டியிடம் செல்லவில்லை. மனுஷர் அதை உடைத்துத் தின்றார்.

நவம்பர் மாதம் ஒரு காலை, மீன் பீப்பாய்க்கு முன்னால் நகர அதிகாரியின் சேவகன் வந்து நின்றான்.

"லாம்பெர்ட்டுங்கிறது யாரு? தலைகீழா வாசிக்கத் தெரிஞ்ச ஆளு வேணுமாம். அதிகாரி கையோட கூட்டியாரச் சொன்னாரு."

"தெருவுல நாப்பது பேரு இருக்கானே தலைகீழா வாசிக்க."

"நாப்பது பேருக்கும் இன்னைக்குக் காலைலேர்ந்து கண்ணு வலியாம்."

மேஸ்திரி பக்கென்று சிரித்தான். லாம்பெர்ட்டுக்குப் புரிந்துவிட்டது. பேரரசர் தடை செய்த புத்தகம் எங்கோ அச்சாகிறது, அதிகாரி சோதனை போட வந்திருக்கிறார், சக அச்சுக்காரனுக்கு எதிராக வாசிக்கத் தெருவில் ஒருவனும் வாய் திறக்கமாட்டான். அதுவும் அந்தத் தெருவின் சட்டம்தான்.

"எந்தக் கூடம்?" என்று கேட்டார்.

"வெள்ளிக் கெண்டை."

லாம்பெர்ட் கையை மூன்று முறை கழுவினார். பக்கத்துப் பீப்பாயில் வேலை செய்த பெண்பிள்ளை ஒருத்தி, "அண்ணே, வேணாம். உங்களுக்கும் கண்ணு வலின்னு சொல்லிருங்க. அந்தப் பாவம் நமக்கெதுக்கு?" என்றாள்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான்மா இருக்கு. கைதான் கோளாறு" என்றார் லாம்பெர்ட். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் நிமிர்ந்து நடந்தார். பாவி மனுஷர், திருவிழாவுக்குப் போகிற மாதிரி போனார்.

வெள்ளிக் கெண்டையில் எல்லோரையும் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள். முதலாளி ஹுப்ரெக்ட், அச்சு இழுக்கிற கோர்னெல், மை தடவுகிற இன்னொருவன், மாடிப்படி அருகே தாள் காயப்போடுகிற நாலு பெண்கள். அவர்களில் டிக்னாவும் இருந்தாள். லாம்பெர்ட் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் பார்வை நேராகத் தன் பழைய எழுத்துப் பெட்டிக்குப் போயிற்று. அதன் கீழே, நிற்கிற இடத்தில், ஒரு மரப்பலகையைப் படியாகப் போட்டிருந்தார்கள். 'ஓ, என் இடத்தில் ஒரு குள்ளனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்' என்று நினைத்தார். முகம் தெரியாத அந்தக் குள்ளன்மேல் அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அதிகாரி வயதானவர், ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினார். பெயர் மத்தேயஸ்.

"இங்க பாருய்யா. போன தடவை வேற கூடத்துல ஒருத்தன் ஈயத்தைப் பாத்து மாதா செபம் ஒப்பிச்சான். நான் தொப்பியக் கழட்டிட்டு நின்னு கேட்டேன். அதே ஈயத்துல போப்பாண்டவரைக் கழுதைன்னு கோத்து வெச்சிருந்தானுங்க. அதான் இவனுங்களுக்குப் பிடிக்காத ஆளா ஒருத்தன் வேணும்னு கேட்டேன். உன் பேரைத்தான் சொன்னாங்க."

"சரியாத்தாங்க சொல்லிருக்காங்க" என்றார் லாம்பெர்ட்.

கோர்னெல் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். "மீன் நாத்தம் வருதேன்னு பாத்தேன்."

அச்சு எந்திரத்தின் மேடையில் ஒரு பக்கம் கட்டிவைக்கப்பட்டிருந்தது. லாம்பெர்ட் குனிந்து வாசித்தார். ஈயத்தில் எல்லாம் கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும். பக்கத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டால் பழகிய கண்ணுக்கு ஓடும். அடுத்த வருஷத்துப் பஞ்சாங்கம். எந்த மாதம் இரத்தம் எடுக்கலாம், எந்த நாள் வெங்காயம் நடலாம் என்று இருந்தது. மாடியில் காய்ந்த தாள்களும் பஞ்சாங்கம். அலமாரியில் இருந்ததும் பஞ்சாங்கம்.

"குத்தம் ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

அதிகாரி கைக்குட்டையை மடித்தார். ஹுப்ரெக்டின் தோள்கள் மெல்ல இறங்கின. கோர்னெல் துணிந்து, "ஐயா, மழை வர்ற மாதிரி இருக்கு. பாத்துப் போங்க" என்றான். எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள் என்று லாம்பெர்ட்டுக்குத் தெரிந்தது. வீணான தாள்களை எரித்திருப்பார்கள். எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டிருப்பார்கள். அச்சான தாள்கள் இந்நேரம் சோப்புப் பீப்பாய்க்குள் கப்பலேறியிருக்கும். அவர்கள் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க முடியும். அது ஹுப்ரெக்டின் கஞ்சத்தனத்தோடு கூடப் பிறந்தது.

தாளின் ஒரு பக்கம் அச்சாகி ஈரம் காய்வதற்குள் திருப்பி மறுபக்கம் அழுத்துவார்கள். அப்போது முதல் பக்கத்து மை பின்னால் இருக்கிற தோல் சட்டத்தில் ஒட்டும். தோல் அழுக்காகாமல் இருக்க அதன்மேல் ஒரு தாளை ஒட்டிவைப்பார்கள், அதுதான் ஒற்றுத்தாள். மற்ற கூடங்களில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒற்றுத்தாளைக் கிழித்து எறிவார்கள். ஹுப்ரெக்டுக்கு மனசு வராது. பழைய தாள்மேல் புதுத்தாளை ஒட்டிக்கொண்டே போவார், பசை காய்ந்து தானாக உரிகிற வரைக்கும். இருபத்தாறு வருஷமும் லாம்பெர்ட் இதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறார்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க" என்றார் லாம்பெர்ட். "அந்தத் தோல் சட்டத்தைத் தெறக்கச் சொல்லுங்க."

ஹுப்ரெக்டின் முகம் வெளுத்தது.

"அப்பா" என்று ஒரு குரல் கேட்டது. ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்ட குரல். டிக்னா ஒரு அடி முன்னால் வந்திருந்தாள்.

முதலாளிக்காகக் கெஞ்சுகிறாள் என்று அவர் நினைத்தார். அப்பன் கையில் மணி கட்டியபோது திறக்காத வாய், அந்தத் தடியனுக்காகத் திறக்கிறது என்று நினைத்தார். 

"யாரது, உன் மகளா?" என்று அதிகாரி கேட்டார்.

"தாள் காயப்போடுற பொம்பள" என்றார் லாம்பெர்ட்.

தானே போய்ச் சட்டத்தைத் திறந்தார். மேல் தாளை நகத்தால் கிளப்பினார். கை நடுங்கியதால் தாள் கிழிந்து கிழிந்து வந்தது. அடியில் இருந்த தாள் முழுசாக வந்தது. வெளுத்த, மங்கிய எழுத்து. கண்ணாடிப் பிம்பம் போல வலமிடமாக இருந்தது. மற்றவர்களுக்கு அது அழுக்கு. லாம்பெர்ட் அதைத் தலைகீழாகத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவருக்கு அது புத்தகம்.

"எழுதிக்கச் சொல்லுங்க" என்றார் அதிகாரியிடம். அதிகாரியோடு வந்திருந்த எழுத்தர் இறகுப் பேனாவை மையில் தொட்டார்.

லாம்பெர்ட் வாசித்தார். கோயில் பிரசங்கம் செய்கிற மாதிரி குரலை உயர்த்தி, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஹுப்ரெக்டைப் பார்த்துப் பார்த்து வாசித்தார். "'ஆட்டை விற்றுப் பிழைக்கிறவன் கசாப்புக்காரன், அவன் தன்னை மேய்ப்பன் என்று சொல்லிக்கொள்ளலாகாது. பாவத்துக்கு விலை வைத்த கடையில் கடவுள் உட்காருவதில்லை. பிஷப்பின் மோதிரத்தை முத்தமிடுகிறவனே, அந்தக் கல் யார் வீட்டு அடுப்பிலிருந்து போயிற்று என்று கேள்.'"

"போதும்யா" என்றார் அதிகாரி. "முதல் வரியே போதும்."

"இருங்க, இன்னும் இருக்கு" என்றார் லாம்பெர்ட். அவ்வளவு ருசி. ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு உப்பு அடைத்த ஆள், நிறுத்த மனமில்லாமல் அடுத்த பத்திக்குப் போனார். அங்கே பத்தி முடிகிற இடத்தில் இலை நின்றுகொண்டிருந்தது. காம்பு கீழே.

முதலில் அவருக்குப் பெருமையாக இருந்தது. 'அட, நம் வேலை' என்று மனம் சொன்னது. பிறகுதான் வேலை போய் ஒரு வருஷம் ஆனது நினைவுக்கு வந்தது. இந்தப் புத்தகத்தை அவர் கண்ணால் பார்த்ததில்லை. கண் மறுபடி வரிகளில் ஓடியது. சீரான இடைவெளி, வரி முடிவில் மயிரிழைத் தாள் செருகி இறுக்கிய தடம், எல்லாம் அவருடையது. உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் அவர் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார். தாயில்லாப் பிள்ளை, அடுக்களை மேசையில், தேய்ந்துபோன எழுத்துகளை வைத்து விளையாட்டுப் போலக் கற்றுக்கொண்டாள். ஏழு வயது அப்போது. இலையை அவள் படுக்கவைத்தபோது விரலில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

பெட்டியின் கீழே கிடந்த மரப்படியை அவர் மறுபடி பார்த்தார். டிக்னா அவர் தோளுக்குத்தான் இருப்பாள்.

"என்னய்யா நிறுத்திட்டே?" என்றார் அதிகாரி.

"மங்கலா இருக்குங்க."

"இருக்கட்டும். வந்த வரைக்கும் போதும். ஹுப்ரெக்ட், அச்சடிச்சவன் நீ, அது ஆச்சு. பேரரசர் ஆணைப்படி கோத்தவனும் வேணும். ஆம்பளையா இருந்தா வாளு. பொம்பளையா இருந்தா உசுரோட குழி. ஆணையில அப்படித்தான் போட்டிருக்கு, எங்கிட்ட கோவிச்சுக்காதீங்க. யாரு கோத்தது?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஹுப்ரெக்ட் மட்டும் லாம்பெர்ட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ரத்தம் வற்றிப்போனதைப் பார்த்துவிட்டார். தலை போகப்போகிற மனுஷன் இதழோரத்தில் சிரித்தார். தான் முழுகும்போது கரையில் நிற்கிறவனையும் இழுத்துக்கொண்டு முழுகுகிற ரகம்.

"கோத்த கை யாருதுன்னு லாம்பெர்ட்டுக்கு நல்லாத் தெரியும், ஐயா" என்றார். "இவ்வளவு தூரம் வாசிச்சவன் அதையும் வாசிக்கட்டுமே."

அதிகாரி திரும்பினார். "தெரியுமா?"

"தெரியும்" என்றார் லாம்பெர்ட். "நான்தான்."

கோர்னெல் சிரித்துவிட்டான். பயத்தில் வந்த சிரிப்போ, பழக்கத்தில் வந்த சிரிப்போ, அடக்க முடியாமல் வெடித்தது. "இவனா? கஞ்சிக் கரண்டியப் புடிச்சா காதுல ஊத்திக்குறவன்!" சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. டிக்னாவைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ மீனுக்கு உப்புப் போடுறவன்னுல்ல சொன்னாங்க" என்றார் அதிகாரி.

"பகல்ல உப்பு. பொழுது சாஞ்சா இங்க வந்து கோத்துட்டுப் போவேன்."

"அப்புறம் நீயே எதுக்கு வந்து காட்டிக்குடுத்தே?"

"மணி கட்டினாங்கய்யா என் கையில" என்றார் லாம்பெர்ட். பொய்யின் நடுவில் அந்த ஒன்று மட்டும் உண்மையாக வந்து விழுந்தது. "நாய்க்குக் கட்டுற மாதிரி கட்டினாங்க. அவன் சாகணும்னு இருந்துச்சு. நான் சேந்து செத்தாலும் பரவால்லன்னு இருந்துச்சு."

அதிகாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தார். இப்படிப்பட்ட பைத்தியங்களை அவர் பார்த்திருந்தார். நம்பத்தான் போனார்.

"சரி, கோத்துக் காட்டு" என்றார். "ஒரே ஒரு வரி. நான் சொல்றேன், நீ கோத்துக்கிட்டே வா. 'இதைக் கோத்தது நான். என் கை நடுங்கவில்லை.'"

லாம்பெர்ட் தன் பழைய பெட்டிக்குப் போனார். மரப்படியைக் காலால் ஒதுக்கித் தள்ளினார். வரித்தட்டை இடக்கையில் எடுத்து, முழங்கையை விலாவோடு அழுத்தி ஒட்டிக்கொண்டார். நாக்கைக் கடித்துக்கொண்டார். முதல் எழுத்து பெட்டிக்குள்ளேயே விழுந்தது. மறுபடி எடுத்தார். நின்றது. இரண்டாவது நின்றது. இந்தக் கை ஒரு காலத்தில் எழுத்தைப் பார்க்காமலே எடுத்த கை. இப்போது ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் இடுக்கி, மூச்சைப் பிடித்து, இறக்கியது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையில்லை.

அவர் டிக்னாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் விழுந்துவிடும் என்று தெரியும். கடவுளிடமும் கேட்கவில்லை. கேட்க என்ன முகம் இருந்தது? 'ஒரு வரி. வாழ்நாளில் லட்சம் வரி கோத்தாயிற்று, இந்த ஒரு வரி' என்று தன் கையிடம்தான் கெஞ்சினார். கை கேட்டது. கடைசியில் இலையையும் காம்பு கீழே வைத்து முடித்தார். வரி வரித்தட்டில் நேராக நின்றது.

அதிகாரி எட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார். "நேரம் எடுத்துக்கிட்டாலும் கோத்துட்டான். இலையும் அதே இலைதான். எழுதிக்கப்பா, எழுத்தரே."

லாம்பெர்ட் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வாள் என்றால் வாள். ஒரே வெட்டு. சந்தோஷம் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் அந்த நிமிஷம் அவருக்கு இருந்தது அதுதான்.

"வரியைத் தூக்கி மேசைல வெக்கச் சொல்லுங்கய்யா" என்றார் ஹுப்ரெக்ட். நிதானமாக, தொழில் பேசுகிற குரலில். "கோக்குறது பாதிதான். தூக்கி வெக்குறவன்தான் கோக்குறவன். தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க."

"அதுவும் சரிதான்" என்றார் அதிகாரி. "தூக்கி வை."

லாம்பெர்ட் ஹுப்ரெக்டைப் பார்த்தார். ஹுப்ரெக்ட் கண்ணை எடுக்கவில்லை.

கோத்த வரியைத் தட்டிலிருந்து எடுக்க, இரண்டு கை விரல்களாலும் நாலு பக்கமும் சமமாக அழுத்தித் தூக்க வேண்டும். எழுத்துகளை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்துவது அந்த விரல் அழுத்தம் மட்டுமே. லாம்பெர்ட் அழுத்தினார். தூக்கினார். மேசைக்கு ஒரு முழம் தூரம். அந்த முழத்தில் பாதி தாண்டியபோது வலது கட்டை விரல் உதறியது. வரி நடுவில் வளைந்தது. பிறகு எல்லாம் தரையில் சிதறியது.

ஈயம் தரையில் விழுகிற சத்தம் அடங்குவதற்குள் டிக்னா குனிந்துவிட்டாள்.

யாரும் அவளைக் குனியச் சொல்லவில்லை. பதினைந்து வருஷப் பழக்கம். எழுத்து விழுந்தால் உடம்பு தானாகக் குனியும். வெறுமனே பொறுக்கியிருந்தால்கூடத் தப்பித்திருப்பாள். ஆனால் அவள் விரல்களுக்குப் பொறுக்குவது என்றால் கோப்பதுதான். ஒவ்வொரு எழுத்தின் அடியில் இருக்கிற பள்ளத்தைக் கட்டை விரலால் தடவித் திசை பார்த்து, இடக்கை உள்ளங்கையில் அடுக்கிக்கொண்டே போனாள். கேட்ட வரி காதில் இருந்தது, கை அதன் பாட்டுக்குக் கோத்தது. ஒரு செபம் சொல்லி முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவள் நிமிர்ந்தபோது உள்ளங்கையில் முழு வரியும் நின்றது. இதைக் கோத்தது நான். என் கை நடுங்கவில்லை. அப்புறம் இலை, காம்பு கீழே.

அப்போதுதான் அவள் தன் கையைப் பார்த்தாள்.

அதிகாரி அருகில் வந்து அந்த உள்ளங்கையை வெகுநேரம் பார்த்தார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"தாள் காயப்போடுற பொம்பள" என்றார். "எழுத்தரே, முன்னாடி எழுதினதை அடிச்சிரு."

லாம்பெர்ட் அவர் காலில் விழுந்தார். நான்தான் கற்றுக்கொடுத்தேன், அதனால் நான்தான் கோத்தேன், அவளுக்கு வாசிக்கவே தெரியாது என்று என்னென்னவோ உளறினார். அதிகாரி காலை உதறிக்கொண்டார். சேவகன் டிக்னாவின் கையைக் கட்டும்போது லாம்பெர்ட் முட்டியிலேயே நகர்ந்து அவளிடம் போனார்.

"எனக்குத் தெரியாதும்மா. நீன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வாயத் தெறந்திருப்பேனா?"

டிக்னா அவரைக் குனிந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபம்கூட இல்லை.

"வேற யாராவதா இருந்தா வாசிச்சிருப்பீங்க, இல்லப்பா?" என்றாள்.

பதிலுக்குக் காத்திருக்காமல் சேவகனோடு நடந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே எல்லாம் முடிந்தது. ஹுப்ரெக்டுக்குச் சந்தைத் திடலில் வாள். டிக்னாவுக்கு நகர மதிலுக்கு வெளியே குழி. தப்பு என்று ஒரு வார்த்தை சொல் என்று பாதிரியார் கேட்டதற்கு, கோத்ததை நம்பித்தான் கோத்தேன் என்றாளாம். கோர்னெலுக்குச் சாட்டையடி கொடுத்து விட்டுவிட்டார்கள். காட்டிக்கொடுத்தவனுக்குக் கூடத்தின் சாமான்களில் ஒரு பங்கு என்று ஆணையில் இருந்தது. அந்தப் பங்காக லாம்பெர்ட்டின் பழைய எழுத்துப் பெட்டியைச் சுமைகூலியாட்கள் இரண்டு பேர் தூக்கிவந்து அவர் அறையில் இறக்கினார்கள். அதிகாரிக்கு நியாயம் தவறக் கூடாது.

தெருவில் யாரும் அவரை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. எதிரே வந்தால் எல்லோருக்கும் கண் வலி. மேஸ்திரிகூட உப்பு வேடிக்கையை நிறுத்திவிட்டான். லாம்பெர்ட்டுக்கு அந்த வேடிக்கைக்காக ஏங்குகிற நிலை வந்தது.

முதல் சனிக்கிழமை காலை, ஜன்னல் விளிம்பில் ஏதோ வைக்கிற சத்தம் கேட்டது. மதி கெட்ட மனசு, ஒரு நொடி ரொட்டி என்று நினைத்தது. எழுந்து ஓடி ஜன்னலைத் திறந்தார். தெருவில் யாரும் இல்லை. ரொட்டி இருந்த இடத்தில் பருந்தின் காலில் கட்டுகிற சின்ன மணி ஒன்று இருந்தது. அடுத்த சனிக்கிழமையும் ஒன்று. அதற்கடுத்த சனிக்கிழமையும். யார் வைக்கிறார்கள் என்று பார்க்க அவர் ஒருநாளும் ஒளிந்து நிற்கவில்லை. தூக்கி எறியவும் இல்லை. எடுத்து எழுத்துப் பெட்டியில், இலைகள் இருக்கிற அறையில் போட்டுவைத்தார். சத்தம் வராமல் எடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முயன்று பார்த்தார். ஒரு தடவைகூட முடியவில்லை.